ஐரின் சுற்றிய நாற்பது

ஐரினுக்கு நான் ஒன்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். இரண்டு மாதச் சம்பளம் எட்டாயிரத்து நானூறு. அதற்கு மேல், வேலை நேரம் போக உட்கார்ந்து நாற்பது ஆன்டெனா சுற்றிய கூலி, ஒன்றுக்குப் பதினைந்து வீதம் அறுநூறு. பதினைந்து வருஷம் அந்தப் பணம் என் மேஜை டிராயரில் ஒரு பிரவுன் கவருக்குள் கிடந்தது. காசுக்கு முடைப்பட்டுக் கொடுக்காமல் வைத்திருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே பதினைந்து வருஷத்தில்தான் பொம்மசந்திராவில் இடம் வாங்கிக் கட்டடம் எழுப்பினேன். ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று சொன்ன வருஷம், அந்தக் கவரில் இருந்த ஒன்பது நோட்டையும் பாங்கில் தனியாகக் கட்டி, பதினெட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டாக வாங்கி, மறுபடி அதே கவரில் வைத்தேன். செலவழிக்கவும் மனசு வரவில்லை, கொண்டுபோய்க் கொடுக்கவும் கால் எழவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் தணிகாசலம். குடியாத்தத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். பதிமூன்று வயதில் பெங்களூர் வந்து, மோட்டார் வைண்டிங் கடையில் கம்பி சுற்றக் கற்றுக்கொண்டேன். டிவி வந்த புதிதில் அலுமினியக் குழாயை அளந்து வெட்டி ஆன்டெனா செய்தேன். அல்சூர், மர்பி டவுன், ஜோகுபாளையம் மொட்டை மாடிகளில் அந்தக் காலத்தில் நின்ற ஆன்டெனாக்களில் பாதி என் கையால் நின்றவை. மீதிப் பாதி என்னைப் பார்த்துச் செய்தவை. இன்று என் யூனிட்டில் அறுபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். லாரிக்கு, பஸ்ஸுக்கு, படகுக்கு, எங்கே இருக்கிறோம் என்று வானத்தைக் கேட்டுச் சொல்லும் ஆன்டெனா எல்லாம் செய்கிறோம். கணக்கு மனசிலேயே போடுவேன். தமிழும் கன்னடமும் படிப்பேன். இங்கிலீஷ் எழுத்துக்கும் எனக்கும் மட்டும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

இதைப் படித்துப் பார்த்த என் மருமகள் சௌம்யா, "பெருமை கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு மாமா, குறைச்சிடட்டுமா?" என்று கேட்டாள். எழுத்துப் பிழையை மட்டும் திருத்தம்மா, பெருமை என் சொந்தச் சம்பாத்தியம் என்றேன். ஆனால் இது என் கதையில்லை. ஐரின் கதை.

ஐரின் மர்பி டவுன்காரி. அப்பா ஹெர்பர்ட் வெல்டராக இருந்து காலமானவர். அம்மா மௌரீன் கவுன் தைப்பார். ஐரின் ஒன்பதாவது வரை இங்கிலீஷில் படித்துவிட்டு, வீட்டு நிலைமையால் நின்றுவிட்டாள். ஜோகுபாளையத்தில் என் கடை இரண்டே அறை. அங்கே வேலை கேட்டு வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கையைப் பார்க்கலாம் என்று ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னை நீட்டினேன். இடது கையால் வாங்கினாள்.

"பீச்சாங்கையா?" என்றேன்.

"ஆமா அண்ணா. கழுவிட்டுதான் வந்திருக்கேன்."

பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த லட்சுமம்மா சிரித்த சிரிப்பில் கையில் இருந்த திருகு கீழே விழுந்தது. நான் சிரிக்கவில்லை. ஆனால் அவள் வைத்த சால்டரைப் பார்த்தேன். கடுகு மாதிரி, பளபளவென்று, ஒரே அளவில் ஆறு புள்ளி. அப்படிப்பட்ட கையை நாற்பது வருஷத்தில் நான் ஒன்றுதான் பார்த்திருக்கிறேன். என் கையைச் சேர்த்தால் இரண்டு.

பள்ளிக்கூடத்தில் இடது கையில் எழுதக் கூடாதென்று ஸ்கேலால் அடிப்பார்களாம். "அப்புறம் எப்படி மாறலை?" என்று லட்சுமம்மா ஒருநாள் கேட்டாள். "அடிச்சவங்களுக்குக் கை வலிச்சிடுச்சு, விட்டுட்டாங்க" என்றாள் ஐரின்.

அந்த இரண்டு அறை இப்போது நினைத்தாலும் மூக்கில் வருகிறது. சால்டர் புகை, சாம்பிராணி, ஈயம், மல்லிகைப் பூ எல்லாம் கலந்த ஒரு வாசனை. வெளியே மெட்ரோவுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். நாள் முழுக்கத் தூசி. ஐந்து பெண்கள் ஒரு நீள மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். ரேடியோவில் பாட்டு ஓடும். தமிழ்ப் பாட்டு வந்தால் ஐரின் பாடுவாள், கன்னடப் பாட்டு வந்தால் லட்சுமம்மா பாடுவாள். பதினோரு மணிக்கு டீயும், பேக்கரியிலிருந்து தேங்காய்ப்பூ வைத்த தில்பசந்து ஒன்றும் வரும். அந்தத் தில்பசந்தை ஐந்தாக வெட்டுகிற வேலை ஐரினுடையது. தராசில் வைத்தாலும் ஒரு பங்குக்கு ஒரு பங்கு வித்தியாசம் இருக்காது. கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டிலிருந்து கல்கல் ஒரு டப்பா நிறைய வரும். மாவைச் சீப்பில் வைத்து உருட்டி எடுப்பார்கள் இல்லையா, அவள் உருட்டியது மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுருண்டிருக்கும். டப்பாவைக் குலுக்கி, அம்மா செய்தது எது, மகள் செய்தது எது என்று நாங்கள் பந்தயம் வைத்துத் தின்போம். அந்த ருசி இப்போது வாங்குகிற எதிலும் இல்லை.

என் கடைக்குச் சில ஒழுங்குகள் உண்டு. மால் டெஸ்ட்டில் பாஸ் ஆனால்தான் சம்பளம். பணத்தை நானே எண்ணித்தான் கொடுப்பேன். முதல் நோட்டை ஒன்று என்று சொல்ல மாட்டேன், லாபம் என்று சொல்வேன். எங்கள் ஊர் மண்டியில் நெல் அளக்கிறவர்களிடம் பிடித்த பழக்கம் அது. இன்னொன்று, கொடுப்பதும் வாங்குவதும் வலது கையில்தான் நடக்க வேண்டும். முதல் சம்பளத்தன்றே ஐரினிடம் சொல்லிவிட்டேன்.

"லட்சுமியை அந்தக் கையில வாங்கினா நிக்காதும்மா."

"சம்பாதிக்கிறது இந்தக் கை, வாங்குறது அந்தக் கையா? நல்லா இருக்கு அண்ணா உங்க நியாயம்" என்றாள். ஆனால் வலது கையைத்தான் நீட்டினாள். நாலு வருஷம் அப்படியே நீட்டினாள்.

இரண்டாயிரத்துப் பத்தில், ஆயுத பூஜைக்கு ஒரு மாதம் முன்னால், எனக்கு அந்த ஆர்டர் வந்தது. வொயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பெனி. மீன்பிடிப் படகில் வைக்கும் பெட்டி ஒன்று செய்தார்கள். நடுக்கடலில் போன் எடுக்காது. அங்கே இருந்து படகு எங்கே இருக்கிறது, ஆள் எப்படி இருக்கிறான் என்று அந்தப் பெட்டி சாட்டிலைட் வழியாகக் கரைக்குச் சொல்லும். அதற்கு டிஷ் உதவாது. டிஷ் ஒரே திசையைத்தான் பார்க்கும், படகோ நிற்காமல் ஆடும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வானம் முழுக்கக் காதில் விழுகிற மாதிரி ஆன்டெனா வேண்டும். ஒரு சாண் நீள வெள்ளைக் குழாய். அதைச் சுற்றி நாலு செப்புக் கம்பி, கொடி படர்கிற மாதிரி முறுக்கிக்கொண்டு மேலே ஏறும். பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அரை மில்லிமீட்டர் தப்பினால் செவிடாகிவிடும்.

கம்பெனி எஞ்சினியர் ஷ்ரேயாஸ், மைசூர்ப் பக்கத்துப் பையன், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். வரைபடத்தைக் கொடுத்து, "மொதல்ல பத்து சாம்பிள் கொடுங்க சார், பாஸ் ஆனா இருநூத்தி நாப்பது பீஸ்" என்றார். பத்தையும் ஐரினிடம் கொடுத்தேன். குழாயில் பென்சிலால் கோடு போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு நாளில் சுற்றிக் கொடுத்தாள். பத்தும் பாஸ். என்னையும் டெஸ்ட் அறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினார்கள். சுவர், கூரை, கதவு எல்லாம் கறுப்பு ஸ்பாஞ்ச் முள். பலாப்பழத்தை உள்வெளியாகத் திருப்பிப் போட்ட மாதிரி ஒரு அறை. அதன் நடுவில் என் கடையில் செய்த குழாய் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஐந்தாம் வகுப்புக்காரன் சாமான் அங்கே நிற்கிறதே என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அந்த நிமிர்வில்தான் தப்பு செய்தேன்.

இருநூற்று நாற்பதைக் கோடு போட்டுச் சுற்றினால் ஆயுத பூஜைக்குள் முடியாது. அதனால் மரத்தில் ஒரு அச்சு செய்தேன். குழாயை அதற்குள் பொருத்தினால், வெட்டின பள்ளத்திலேயே கம்பி தானாகப் போய் உட்காரும். நான்கு நாள் உட்கார்ந்து என் கையாலேயே செதுக்கினேன், அழகான அச்சு. சாம்பிளைப் பக்கத்தில் வைத்துத்தான் செதுக்கினேன். ஆனால் சாம்பிளில் கம்பி இடப்பக்கமாக முறுக்கி ஏறியிருந்தது. பீச்சாங்கைக்காரி சுற்றினால் இப்படித்தான் இருக்கும், பாஸ் ஆனது அவள் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். திருகாணி வலப்பக்கம் திருகும். கோயிலை வலமாகத்தான் சுற்றுவோம். பெரிய ஆர்டர், பூஜை நேரம், இடப்பக்கமாகத் தொடங்கலாமா? வலப்பக்கமாகவே பள்ளம் வெட்டினேன்.

அச்சை மேஜையில் வைத்ததும் ஐரின் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணா, அச்சு எதிர்ப்பக்கமா வெட்டியிருக்கு."

"எது எதிர்ப்பக்கம்? உனக்கு எதிர்ப்பக்கம். ஊருக்கெல்லாம் இதுதான் நேர்ப்பக்கம்."

"சாம்பிள் இப்படி இல்லையே. படத்துலயும் கீழே எழுதியிருக்கு பாருங்க, லெஃப்ட்னு."

வரைபடத்தின் அடியில் இரண்டு வரி இங்கிலீஷ் இருந்தது. அளவெல்லாம் நம்பர், அதை நான் படித்துவிட்டேன். அந்த இரண்டு வரியை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே. அதை ஒன்பதாவது படித்தவள் அத்தனை பேர் முன்னால் எனக்குப் படித்துக் காட்டுகிறாள்.

"உன் கைக்குத் தோதா படம் போட்டுக் குடுத்திருக்காங்களா? நாப்பது வருஷமா கம்பி சுத்துறேன். எனக்குப் படம் பார்க்கத் தெரியும்" என்றேன்.

அவள் அச்சில் சுற்றத் தொடங்கினாள். எங்கள் கடையில் இருந்த சோதனை ஒன்றே ஒன்று. மீட்டரைக் கம்பியின் இரண்டு முனையிலும் வைத்தால் பீப் என்று சத்தம் வர வேண்டும். எல்லாவற்றிலும் பீப் வந்தது. எந்தப் பக்கம் முறுக்கினாலும் பீப் வரத்தான் செய்யும். வானம் கேட்கிறதா என்று மீட்டருக்கு என்ன தெரியும்?

மால் அனுப்பும் நாள் காலையில் பெட்டியில் அடுக்கி எண்ணிக்கொண்டு வந்தேன். லாபம், இரண்டு, மூன்று... இருநூறைத் தாண்டியதும் கை நின்றது. கடைசி நாற்பதில் கம்பி இடப்பக்கமாக ஏறியிருந்தது. ஒவ்வொரு குழாயின் அடியிலும் சிவப்பாக ஒரு சின்னப் பொட்டு.

"இது இன்னா பொட்டு?"

ஐரின் எழுந்து நின்றாள். "நெயில் பாலிஷ் அண்ணா. கலந்துடக் கூடாதுன்னு வெச்சேன். அந்த நாப்பதும் நான் அச்சு இல்லாம சாயங்காலம் உட்கார்ந்து சுத்தினது. சாம்பிள் மாதிரியே."

"யாரைக் கேட்டுச் சுத்தினே?"

"கேட்டா விட்டிருப்பீங்களா?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வெளியே போ என்றேன். செப்புக் கம்பி வீணாக்கினதற்கு உன் சம்பளம் சரியாகப் போச்சு என்றேன். முந்தின ஆர்டர் மால் பாஸ் ஆகாமல் கிடந்ததால் எல்லாருக்கும் இரண்டு மாதச் சம்பளம் நின்றிருந்த நேரம் அது. லட்சுமம்மா, "பேடா அண்ணா, வேண்டாம், நல்ல பொண்ணு" என்று கன்னடமும் தமிழுமாகக் கெஞ்சினாள். ஐரின் அழவில்லை. கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பந்தயம் அண்ணா. என் நாப்பது ஃபெயில் ஆச்சுன்னா ரெண்டு மாசச் சம்பளமும் வேணாம். பாஸ் ஆச்சுன்னா, யார் சுத்தினதுன்னு கம்பெனிக்காரர்கிட்ட உங்க வாயால சொல்லணும். பணத்தை நீங்களே எண்ணி என் கையில குடுக்கணும்." இடது கையை விரித்துக் காட்டினாள். "இந்தக் கையில. லட்சுமம்மாக்கா, நீங்க சாட்சி."

படி இறங்கிப் போய்விட்டாள். அந்த நாற்பதைப் பிரித்துச் சுற்ற நேரம் இல்லாததால் அப்படியே அனுப்பினேன்.

மூன்றாம் நாள் ஷ்ரேயாஸ் வந்தார். இரண்டு பெட்டி. ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

"சார், இருநூறு பீஸ் டெட். சாட்டிலைட்ல இருந்து வர்ற அலை முறுக்கிட்டே வரும் சார். கம்பி அதுக்கு ஏத்த பக்கம் முறுக்கணும். எதிர்ப்பக்கம் முறுக்கினா காதைப் பொத்திக்கிட்ட மாதிரி." பிறகு சின்னப் பெட்டியைத் திறந்து ஒரு குழாயை எடுத்தார். "ஆனா இந்த நாப்பது சூப்பர். சாம்பிளை விடச் சென்னாகிதே, நல்லா இருக்கு. இது யாரு சுத்தினது?"

மேஜையில் நான்கு பெண்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ரேடியோகூட யாரோ அணைத்துவிட்டார்கள்.

"நான்தான்" என்றேன்.

லட்சுமம்மா தலையைத் தூக்கி ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அன்றைக்கே அந்த அச்சை அடுப்பில் போட்டேன். புது அச்சு வெட்டி, இருநூறையும் பிரித்து எட்டே நாளில் சுற்றி முடித்தோம். வேறு எவனாலும் முடிந்திருக்காது. அந்த ஆர்டரிலிருந்துதான் என் காலம் ஏறியது. ஐரினுக்கு உரிய பணத்தைக் கவரில் போட்டு, லட்சுமம்மாவிடம் மர்பி டவுனுக்குக் கொடுத்தனுப்பினேன். கவர் ஒட்டினது ஒட்டினபடி திரும்பி வந்தது.

"கவர்ல வர்றது சம்பளமாம். பந்தயம் கையில வரணுமாம்" என்றாள் லட்சுமம்மா.

"அவ்வளவு திமிரா? அப்ப கிடக்கட்டும்" என்றேன்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஒருநாள் முன்பு, பகலில், அவள் தெரு முனை வரைக்கும் போனேன். வாசலுக்கு வாசல் காகித நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். எண்ணெய் காய்கிற வாசனை. ஒரு வீட்டுக்குள்ளிருந்து அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. கல்கல் உருட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முனைக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அடுத்த வருஷம் அவர்கள் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டதாகச் சொன்னார்கள். எங்கே போனார்கள் என்று நான் கேட்கவில்லை.

பிறகு எத்தனையோ பெண்கள் வந்தார்கள், போனார்கள். புதுக் கட்டடத்தில் ஏசி இருக்கிறது, கேன்டீன் இருக்கிறது. தில்பசந்தை யாரும் வெட்டுவதில்லை, ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கிறேன். ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு வருஷமும் மேஜை டிராயரைச் சுத்தம் செய்வேன். கவரை எடுப்பேன், துடைப்பேன், வைப்பேன்.

போன மாதம் எங்கள் கம்பெனி வேனில் டிராக்கர் வேலை செய்யவில்லை. வேன் எங்கே நின்றாலும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் காணாமல் போனது. வண்டிக்குத் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டிய நேரம், டிராக்கர் ஓடினால்தான் கொடுப்பார்கள். டிரைவர் நரேஷ் சந்தாபுராவில் டிராக்கர் மாட்டுகிற ஒரு கடையில் கேட்டுவிட்டு வந்தான்.

"நாளைக்குக் கொண்டாரச் சொன்னாங்க சார். லேடிதான் மெக்கானிக். பீச்சாங்கைல ஸ்க்ரூ டிரைவர் பிடிக்குறாங்க, ஆனா இன்னா ஸ்பீடு! வேன் மேல நம்ம கம்பெனி பேரைப் பார்த்துட்டு, உங்க ஓனர் இன்னும் லாபம் லாபம்னுதான் எண்ணுறாரான்னு கேட்டாங்க."

பொம்மசந்திராவுக்கும் சந்தாபுராவுக்கும் எவ்வளவு தூரம்? கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். அவ்வளவு பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள்.

மறுநாள் டிராயரைத் திறந்து கவரை எடுத்தேன். லட்சுமம்மா இப்போது வேலைக்கு வருவதில்லை, மகள் வீட்டில் இருக்கிறாள். வேனை அவள் வீட்டுக்கு விடச் சொன்னேன். "எல்லிகே அண்ணா, எங்கே போறோம்?" என்றாள். சாட்சி சொல்ல என்றேன். புதுப் புடவை மாற்றிக்கொண்டு வந்து ஏறினாள்.

ஆனேக்கல் ரோட்டில் கடை. வாசலில் இரண்டு ஸ்கூல் வேன், ஒரு தண்ணீர் லாரி. ஸ்கூல் வேனின் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஐரின் வெளியே வந்தாள். தலையில் ஒரு பக்கம் நரை. அதே கை, அதே பார்வை. என்னைப் பார்த்தாள், லட்சுமம்மாவைப் பார்த்தாள்.

"வாங்க அண்ணா. வாங்கக்கா. முன்னாடி ரெண்டு வண்டி இருக்கு. லைன்ல நில்லுங்க."

அறுபத்திரண்டு பேருக்கு முதலாளி, பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். லட்சுமம்மாவுக்கு மட்டும் டீ வந்தது.

எங்கள் வேன் முறை வந்ததும் ஏறி, டாஷ்போர்டு மேல்மூடியைக் கழற்றி, தீப்பெட்டி அளவில் இருக்கும் சின்ன ஆன்டெனாவை வெளியே எடுத்தாள். என் யூனிட்டில் செய்ததுதான். அதைப் பார்த்து அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நல்ல சாமான் அண்ணா. ஆனா குப்புறப் படுக்க வெச்சிருக்கு. வானத்தைப் பார்க்க வேண்டியது பூமியைப் பார்த்துக்கிட்டு இருக்கு, பாவம். யாரு ஒட்டினது?"

நரேஷ் இருமினான்.

"நான்தான்" என்றேன். வேனுக்கு நானே மாட்டிக்கொள்கிறேன், எவனும் தொட வேண்டாம் என்று அதற்கு முந்தின வாரம் நானேதான் ஒட்டினேன்.

ஐரின் சிரித்துவிட்டாள். லட்சுமம்மாவும் சிரித்தாள். ஆன்டெனாவைத் திருப்பி ஒட்டி, போனில் பார்த்தாள். வேன் எங்கே நிற்கிறது என்று வந்துவிட்டது. வேலை இரண்டு நிமிஷம். "இருநூறு ரூபா. போன்லயே போடலாம்" என்றாள். நரேஷ் போட்டான்.

நான் கவரை எடுத்தேன். கூடவே செக் புத்தகத்தையும் எடுத்தேன். "ஐரின், ஒரு லட்சம் எழுதித் தர்றேன். பதினைஞ்சு வருஷத்துக்கு வட்டி, எல்லாம் சேர்த்து. நம்ம யூனிட்டுக்கு வந்துடு, சூப்பர்வைசரா போடறேன்."

"லட்சம் யாரு கேட்டா? எனக்குக் கடை இருக்கு. வர்ற வண்டிக்கே ஆள் பத்தலை." கையைத் துணியில் துடைத்தாள். "என் கணக்கு ஒன்பதாயிரம். அதுக்கு முன்னாடி இன்னொரு கணக்கு இருக்கு, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அதை மட்டும் மறந்திருந்தால் என்றோ வந்திருப்பேன். போனை எடுத்தேன். ஷ்ரேயாஸ் இப்போது சொந்தக் கம்பெனி வைத்துப் பெரிய ஆள், இன்றும் என்னிடம்தான் ஆர்டர் கொடுக்கிறார். "அந்த நாற்பதைச் சுற்றின கை இது" என்று நாலு பேர் முன்னால் என்னைப் புகழ்ந்து பேசுகிறவர். அந்தப் புகழ்ச்சியில்தான் என் ஆபீசில் பாதிச் சுவர் நிற்கிறது.

"ஸ்பீக்கர்ல போடுங்க அண்ணா" என்றாள் ஐரின்.

போட்டேன்.

"ஹேளி சார், சொல்லுங்க" என்றார் ஷ்ரேயாஸ்.

"ஷ்ரேயாஸ் சார், பழைய விஷயம். படகு ஆர்டர். அந்த நாப்பது பாஸ் ஆச்சே..." தண்ணீர் லாரிக்காரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அது நான் சுத்தலை. ஐரின்னு என்கிட்ட வேலை செஞ்ச பொண்ணு சுத்தினது. நான் வேணாம்னு சொல்லியும் சுத்தினது. தப்பு அச்சு வெட்டினதுதான் நான்."

பிறகு அந்தப் பக்கம் சிரிப்பு.

"கொத்து சார், தெரியும். அன்னைக்கே தெரியும். நாப்பதுலயும் நெயில் பாலிஷ் இருந்துச்சே. உங்க விரலைப் பார்த்தேன், நீங்க போட்டுக்கற மாதிரி தெரியலை."

லட்சுமம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நரேஷ் வேனுக்குப் பின்னால் போய்விட்டான். ஐரின் மட்டும் சிரிக்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் வந்து, "தேங்க்ஸ் சார். நான்தான் ஐரின்" என்றாள். "நமஸ்காரா மேடம். உங்க பீஸ்ல ஒண்ணு இன்னும் என் டேபிள்ல இருக்கு" என்றார் அவர். அவள் கண்ணைத் துடைத்தாள், கிரீஸ் பட்டுவிட்டது என்றாள்.

போனைச் சட்டைப்பையில் வைத்துக் கவரைப் பிரித்தேன். பதினெட்டு நோட்டு. பழக்கத்தில் அவள் வலது கை இருக்கும் இடத்துக்கே என் கை போனது. அங்கே ஒன்றும் இல்லை. அவள் இடது கை நீண்டிருந்தது, உள்ளங்கை விரிந்து, விரல் நுனியில் சால்டர் சுட்ட பழைய தழும்போடு. என் எழுபது வருஷத்தில் அந்தப் பக்கக் கையில் நான் ஒரு பைசா வைத்ததில்லை.

முதல் நோட்டை வைத்தேன். "லாபம்" என்றேன்.

"லாபம் உங்களுக்கு அண்ணா. இது என் கூலி. ஒண்ணுன்னு எண்ணுங்க."

லட்சுமம்மா தலையாட்டினாள். நோட்டைத் திரும்ப எடுத்து, மறுபடி வைத்தேன்.

"ஒண்ணு."

இரண்டு, மூன்று, நான்கு. அவள் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு எண்ணினேன். காற்றில் நோட்டு பறக்காமல் இருக்க அவள் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், குழாயில் கம்பியை அழுத்திப் பிடிப்பாளே, அதே மாதிரி. பத்து, பதினொன்று. பதினாறு. பதினேழு.

"பதினெட்டு" என்று சொல்லிக் கடைசி நோட்டை அந்தக் கையில் வைத்தேன்.